இரண்டாம் ஆண்டு கட்டணத்தைக் கேட்டுவிட்டு டொமைன் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"99 ரூபாய்க்கு ஒரு டொமைன் வாங்கிப் போடுங்கள், ஐந்து வருஷத்தில் லட்ச ரூபாய்க்குக் கேட்பார்கள்" என்ற பேச்சு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்து வாட்சப் குழுக்களில் பலமாக இருக்கிறது. டொமைன் என்றால் இணையதளத்தின் முகவரியாக வரும் பெயர். ஐம்பது பெயர், நூறு பெயர் என்று மொத்தமாகத் தலையில் கட்டுகிறார்கள். வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரிப் பிள்ளைகளும், ஓய்வூதியப் பணப்பயனை என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களும் வாங்குகிறார்கள். இணையப் பெயர்களைப் பதிவு செய்து பராமரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். இந்த விற்பனையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத எண் ஒன்று உண்டு. அது இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

விற்கப்படுபவை பெரும்பாலும் டாட் காம், டாட் இன் பெயர்கள் இல்லை. டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர், டாட் சைட், டாட் ஸ்பேஸ், டாட் எக்ஸ்ஒய்இசட் போன்ற புதிய பின்னொட்டுகள். இணையப் பெயர் அமைப்பை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் நிறுவனம் 2012-இல் புதுப் பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் கேட்டது. விண்ணப்பக் கட்டணம் 1,85,000 அமெரிக்க டாலர். அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. 2013 அக்டோபர் முதல் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு, 1,200-க்கும் மேற்பட்ட பின்னொட்டுகள் பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றில் பலவற்றின் பெயர் நம் ஊரில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் பொதுமக்களுக்குத் தெரியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். டொமைனை யாரும் கிரயம் செய்து வாங்குவதில்லை. குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். ஐகேன் ஒப்பந்தத்தில் இருக்கும் பின்னொட்டுகளில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டு வரை கட்டி வைக்கலாம், அதற்கு மேல் முடியாது. பின்னொட்டை நடத்துபவர் ரிஜிஸ்ட்ரி. நம்மிடம் பணம் வாங்கிப் பதிவு செய்து தருபவர் ரிஜிஸ்ட்ரார். ரிஜிஸ்ட்ரி மொத்த விலை வைக்கிறது, ரிஜிஸ்ட்ரார் தன் லாபத்தைச் சேர்த்து நமக்கு விற்கிறார். முதல் ஆண்டு 99 ரூபாய் என்பது பெரும்பாலும் ரிஜிஸ்ட்ரி கொடுக்கும் சலுகை, சில இடங்களில் ரிஜிஸ்ட்ரார் தன் கையிலிருந்து போடுவது. இரண்டாம் ஆண்டு சலுகை கிடையாது.

புதுப்பிப்பு ஏன் அவ்வளவு அதிகம் என்று கேட்பவர்களுக்கு: 2012 சுற்றில் உரிமம் பெற்ற ஒவ்வொரு ரிஜிஸ்ட்ரியும் ஐகேனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,250 டாலர், அதாவது ஆண்டுக்கு 25,000 டாலர், நிலைக்கட்டணமாகக் கட்ட ஒப்புக்கொண்டது. சர்வர், தரவு காப்பு, பணியாளர் செலவெல்லாம் தனி. மொத்தமே 5,000 பெயர் பதிவான ஒரு சின்னப் பின்னொட்டில் இந்த நிலைக்கட்டணம் மட்டும் பெயருக்கு 5 டாலர் விழுகிறது. டாட் காமில் பதினைந்து கோடிக்கும் மேல் பெயர்கள் இருப்பதால் அங்கே இப்படிப்பட்ட செலவு தெரியவே தெரியாது. அதோடு, சலுகையில் வந்தவர்களில் பெரும்பகுதி இரண்டாம் ஆண்டே விட்டுவிட்டுப் போவார்கள் என்று ரிஜிஸ்ட்ரிக்குத் தெரியும். தங்கிவிடுபவர் யார்? அந்தப் பெயரில் கடை நடத்துபவர், விசிட்டிங் கார்டு அடித்தவர், மின்னஞ்சல் வைத்திருப்பவர். அவர் எளிதில் போக மாட்டார். விலை அவர் மேல்தான் ஏறும்.

வட்டிக் கணக்குப் பழகிய ஊர் இது. ஆகவே கணக்காகவே சொல்கிறோம். முதலாண்டு ரூ.99, புதுப்பிப்பு ரூ.2,800 என்று இருக்கும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் வகைகளில் இந்த அளவும் இதற்கு மேலும் பார்க்கலாம். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் முதலாண்டு ரூ.117, அடுத்த ஆண்டிலிருந்து ரூ.3,304. ஐம்பது பெயர் வாங்கினால் முதலாண்டுச் செலவு ரூ.5,841, இரண்டாம் ஆண்டு ரூ.1,65,200. ஆறாயிரத்துக்குள் முடிந்தது என்று நினைத்தவர் பன்னிரண்டாம் மாதம் ஒன்றேமுக்கால் லட்சத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் கைவிட வேண்டும்.

சரி, விற்றுவிடலாமே என்றால், எத்தனை விற்கும்? நல்ல டாட் காம் பெயர்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களே ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு விற்றால் திருப்தி அடைகிறார்கள். அறியப்படாத பின்னொட்டில் அதைவிடக் குறையும். தாராளமாக நூற்றில் ஒன்று என்றே வைப்போம். விற்பனைத் தளங்கள் எடுக்கும் கமிஷன் பல இடங்களில் 15 முதல் 25 விழுக்காடு. 20 என்று வைப்போம். ஒரு பெயரின் ஆண்டுச் செலவை விற்பனை வாய்ப்பால் வகுத்து, கமிஷன் போக மீதியால் மறுபடி வகுங்கள்: 3,304-ஐ 0.01-ஆல் வகுத்தால் 3,30,400, அதை 0.80-ஆல் வகுத்தால் 4,13,000. ஒவ்வொரு விற்பனையும் நான்கு லட்சத்துப் பதின்மூன்றாயிரத்துக்குப் போனால்தான் போட்ட பணம் திரும்பும், லாபம் அதற்கு மேல்தான். இதே கணக்கை வரியோடு ஆண்டுக்கு ரூ.1,062 ஆகும் ஒரு டாட் இன் பெயருக்குப் போட்டால் ரூ.1,32,750 வரும். அதுவும் எளிதான விலை இல்லை. ஆனால் டாட் இன் பெயருக்கு இந்தியாவில் வாங்க ஆள் உண்டு.

போட்ட பணத்துக்கு வட்டியும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஒரே பெயரைப் பத்து ஆண்டு வைத்திருந்தால் கையிலிருந்து போவது 117-உம், ஒன்பது முறை 3,304-உம் சேர்த்து ரூ.29,853. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 விழுக்காடு, கூட்டு வட்டியாகப் போட்டால் பத்தாம் ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ ரூ.55,000. இதில் விலை ஏற்றம் எதுவும் சேர்க்கப்படவில்லை.

விலை ஏறாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. டாட் காமுக்கு ஒரு வரம்பு உண்டு: அதை நடத்தும் வெரிசைன் நிறுவனம் ஆறு ஆண்டு ஒப்பந்தக் காலத்தின் கடைசி நான்கு ஆண்டுகளில் மட்டும், ஆண்டுக்கு 7 விழுக்காடு வரை மொத்த விலையை ஏற்றலாம். 2021-இல் 7.85 டாலரிலிருந்து ஏறத் தொடங்கி 2024 செப்டம்பரில் 10.26 டாலரானது. முணுமுணுக்கலாம், ஆனால் முன்கூட்டிக் கணக்குப் போட முடிந்த ஏற்றம். 2012 சுற்றுப் பின்னொட்டுகளுக்கு அப்படிப்பட்ட உச்சவரம்பே கிடையாது.

அதன் விளைவை உலகம் 2017-இல் பார்த்தது. யூனிரிஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன்னிடம் இருந்த டாட் ஹோஸ்டிங், டாட் ஆடியோ, டாட் ஜுவேகோஸ், டாட் ஹிப்ஹாப் உள்ளிட்ட பின்னொட்டுகளின் விலையை அந்த ஆண்டு செப்டம்பர் முதல் பல மடங்கு ஏற்றப்போவதாக அறிவித்தது. பத்து இருபது டாலருக்குக் கிடைத்தவை நூறு, முந்நூறு டாலர் என்றாயின. பதிவு குறைவாக இருக்கும் பின்னொட்டைத் தொடர்ந்து நடத்த வேண்டுமானால் விலை ஏறியாக வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மேலே சொன்ன நிலைச்செலவுக் கணக்கேதான். இன்னொரு உதாரணம் டாட் வெட். திருமண இணையதளங்களுக்கென்று வந்த இந்தப் பின்னொட்டில் தொடக்கத்தில் ஆண்டுக்கு 150 டாலர், மூன்றாம் ஆண்டிலிருந்து 30,000 டாலர் என்று விலை வைத்தார்கள். திருமணம் முடிந்ததும் பெயரை விட்டுவிட்டால் அடுத்த தம்பதிக்கு விற்கலாம் என்பது திட்டம். கடைசியில் அந்த ரிஜிஸ்ட்ரியே நடக்க முடியாமல் போய், 2017 டிசம்பரில் ஐகேன் அதை அவசரகாலப் பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ரிஜிஸ்ட்ரியே நொடித்துப் போகக்கூடும் என்பதை நம் ஊர் விற்பனையாளர்கள் யாரும் சொல்வதில்லை.

இந்த ஒப்பந்தத்தில் நமக்குச் சாதகமான ஒரு பிரிவு உண்டு, அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. புதுப்பிப்பு விலையை ஏற்றும் ரிஜிஸ்ட்ரி 180 நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அந்த அவகாசத்துக்குள் பழைய விலையிலேயே 10 ஆண்டு வரை நீட்டித்துக்கொள்ளலாம். சிக்கல் எங்கே என்றால், அறிவிப்பு போவது ரிஜிஸ்ட்ராருக்கு. பெயர் வைத்திருக்கும் நமக்கு நேரே எந்தக் கடிதமும் வராது. ரிஜிஸ்ட்ரார் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னால் உண்டு. ஆகவே தொழிலுக்காக அப்படிப்பட்ட பெயர் ஒன்றை வைத்திருப்பவர்கள், ரிஜிஸ்ட்ராரின் விலை அறிவிப்புப் பக்கத்தை ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறந்து பார்க்க வேண்டும். ஏற்றம் வருவது தெரிந்தால், அந்தப் பெயர் இல்லாமல் கடை நடக்காது என்ற நிலை இருந்தால், உடனே பல ஆண்டுகளுக்குக் கட்டிவிடுங்கள். முதலீடாக வாங்கியதை அப்படி நீட்டிப்பது கூடுதல் பணத்தை முடக்குவதாகும். நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

பிரீமியம் பெயர்கள் தனிக் கதை. ஒரே சொல், இரண்டு மூன்று எழுத்து, நகரப் பெயர் போன்றவற்றை ரிஜிஸ்ட்ரியே ஒதுக்கி வைத்து அதிக விலைக்கு விற்கும். இதில் இரண்டு வகை. முதல் முறை மட்டும் அதிக விலை, பிறகு சாதாரணப் புதுப்பிப்பு என்பது ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே உயர்ந்த விலை என்பது மற்றது. எல்லாப் பெயருக்கும் ஒரே புதுப்பிப்பு விலை வைக்க வேண்டும் என்று ஐகேன் ஒப்பந்தம் சொன்னாலும், பதிவின்போதே "புதுப்பிப்பு விலை அதிகம் என்பதை ஏற்கிறேன்" என்று வாங்குபவர் ஒப்புக்கொண்டால் அந்த விதி அவருக்குப் பொருந்தாது. அந்த ஒப்புதல் பணம் கட்டும் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், டிக் செய்துவிட்டுப் போய்விடுவோம். ஆகவே பணம் கட்டுமுன் கார்ட் பக்கத்தில் ஆண்டுகளின் எண்ணிக்கையை 1-லிருந்து 2-க்கு மாற்றிப் பாருங்கள். கூடும் தொகைதான் இரண்டாம் ஆண்டின் உண்மையான விலை. அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகப் புதுப்பிப்புள்ள பெயரை விலைக்குக் கேட்பவரும் இந்தக் கணக்கைப் போடுவார். டாட் காமைவிட ஆண்டுக்கு ரூ.2,000 கூடுதலாகக் கட்ட வேண்டிய பெயருக்கு, 12 விழுக்காடு வட்டியில் அவர் மனதில் கழிக்கும் தொகை ரூ.16,667, அதாவது ஆண்டுக்கு ரூ.2,000 வட்டி தரக்கூடிய முதல் (2,000-ஐ 0.12-ஆல் வகுத்தது). ஆண்டுக்கு ரூ.40,000 கூடுதல் என்றால் மூன்றேகால் லட்சத்துக்கும் மேல் கழிப்பார். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சுமையோடுதான் அது சந்தைக்கு வருகிறது.

இரண்டு எழுத்துப் பின்னொட்டுகள் வேறு ரகம். அவை நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் உரியவை. அவற்றின் விலையையும் விதிகளையும் அந்தந்த நாடே வைக்கிறது, மேலே சொன்ன 180 நாள் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. டோகெலாவின் டாட் டிகே, மாலியின் டாட் எம்எல், காபோனின் டாட் ஜிஏ ஆகியவற்றை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் இலவசமாக வாரிக் கொடுத்தது. 2023 தொடக்கத்தில் புதுப் பதிவை நிறுத்தியது; அந்த ஆண்டு மார்ச்சில் அதன் மீது மெட்டா நிறுவனம் தொடுத்த வழக்கு வெளியே தெரிந்தது; ஜூன் மாதம் காபோன் தன் பின்னொட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது லட்சக்கணக்கான பெயர்கள் அழிக்கப்பட்டன; 2024 பிப்ரவரியில் ஃப்ரீநாம் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. இலவசமாக வந்ததை நம்பிப் போர்டு எழுதியவர்கள், கொடுத்தவர் போனதும் நடுத்தெருவில் நின்றார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், 2021 ஜனவரி 1 முதல், ஒன்றியக் குடியுரிமை இல்லாமல் பிரிட்டனில் மட்டும் முகவரி உள்ளவர்களின் டாட் இயு பெயர்கள் முடக்கப்பட்டன. யூகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போனதால் அதன் டாட் ஒய்யு 2010-இல் நீக்கப்பட்டது. மென்பொருள் நிறுவனங்களுக்குப் பிடித்த டாட் ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது. அந்தத் தீவுகளை மொரீஷியசிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. டாட் ஐஓ நாளையே மறைந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்தாண்டு முதலீடு என்று வாங்குபவர் இதையும் எடைபோட வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்குவிலா என்ற கரீபியத் தீவின் டாட் ஏஐ, செயற்கை நுண்ணறிவு அலையில் ஏறி, 2023-இல் அந்தத் தீவுக்குச் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர் ஈட்டித் தந்தது. அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. முன்பே நல்ல டாட் ஏஐ பெயர் வைத்திருந்தவர்கள் லாபம் பார்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அங்கே குறைந்தபட்சப் பதிவே இரண்டு ஆண்டு, ஒவ்வொரு புதுப்பிப்பும் இரண்டு ஆண்டு, கட்டணமும் நூறு டாலருக்கு மேல். அலை அடித்த பிறகு மிச்சமிருக்கும் பெயர்களை வாங்குபவருக்குக் கிடைப்பது முந்தியவர்கள் வேண்டாம் என்று விட்டவை.

அப்படியானால் அறியப்படாத பின்னொட்டு எதுவுமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். பின்னொட்டும் முன்னால் உள்ள சொல்லும் சேர்ந்து ஒரே தொடராக இயல்பாக வாசிக்கப்பட வேண்டும். அந்தத் துறையில் உண்மையான நிறுவனங்கள் அந்தப் பின்னொட்டில் தளம் நடத்துகின்றனவா என்று தேடுபொறியில் பார்க்க வேண்டும். "விற்பனைக்கு" என்ற பலகை மாட்டிய பக்கங்களே வந்தால் ஒதுங்கிவிடுங்கள். நேம்பயோ போன்ற விற்பனைப் பதிவேட்டில் அதே பின்னொட்டில் நடந்த பழைய விற்பனைகளை, பெயரின் தரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுப்பிப்பு விலை டாட் காமின் இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும். எங்கள் கருத்தில் புதியவர் ஒருவர் ஐந்து பெயருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் ஆண்டுக்குள் ஒருவர்கூட விசாரிக்காத பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட வேண்டும். போனது 117 ரூபாயோடு போகட்டும்.

மலிவுப் பின்னொட்டில் இன்னொரு தொல்லை மின்னஞ்சல். ஒரு டாலருக்குக் கிடைக்கும் பெயரை மோசடிக்காரர்களும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அதனால் சில பின்னொட்டுகளிலிருந்து வரும் கடிதங்களை வடிகட்டிகள் முதலிலேயே சந்தேகத்தோடு பார்க்கின்றன. டாட் டாப் பின்னொட்டை நடத்தும் நிறுவனத்துக்கு, ஏமாற்றுத் தளங்கள் பற்றிய புகார்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஐகேன் 2024 ஜூலையில் எச்சரிக்கை அனுப்பியது. கானாடுகாத்தானில் தங்கும் விடுதி நடத்துபவர் அறை உறுதிப்பாட்டை மின்னஞ்சலில் அனுப்புகிறார். ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றுமதி செய்பவர் விலைப்பட்டியல் அனுப்புகிறார். அது எதிர்முனையில் ஸ்பேமுக்குள் விழுந்தால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கடைக்கும் விடுதிக்கும் முதல் பெயர் டாட் இன் அல்லது டாட் காமாக இருக்கட்டும். புதுப் பின்னொட்டு வேண்டுமானால் விளம்பரத்துக்காக இரண்டாவதாக வைத்து முதல் தளத்துக்குத் திருப்பி விடுங்கள்.

தமிழ் எழுத்தில் டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர், டாட் இலங்கை என்ற மூன்று பின்னொட்டுகள் இருப்பது நமக்குப் பெருமை. நம் கடைகளின் பெயர் தமிழிலேயே முகவரியாக வருவதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் உள்ளே அது எக்ஸ்என் என்று தொடங்கும் குறியீடாக மாறித்தான் பயணிக்கிறது, பல மின்னஞ்சல் செயலிகளும் படிவங்களும் இன்னும் அதை ஏற்பதில்லை. பயன்படுத்துவதற்கு வாங்குங்கள், மறுவிற்பனைக்கு வேண்டாம்.

புதுப்பிப்பு தவறும் இடங்களையும் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டைக் கொடுத்து ஆட்டோ ரினிவல் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கவும். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாக எடுக்கப்படும் பணத்துக்கு முன்பதிவு ஒப்புதல் வேண்டும், 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், தொகை வரம்புக்கு மேல் (2022 ஜூன் முதல் பொதுவாக ரூ.15,000) போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். இந்த ஏற்பாட்டில் இணையாத வெளிநாட்டு ரிஜிஸ்ட்ரார்களிடம் நம் கார்டு தானாகப் பணம் கொடுக்காது. ஐம்பது பெயரை ஒரே நாளில் புதுப்பிக்கும் மொத்தத் தொகையும் வரம்பைத் தாண்டும். கணக்கில் முன்பணம் போட்டு வைப்பதும், காலாவதிக்கு 60 நாள் முன்பே கையால் புதுப்பிப்பதும்தான் பாதுகாப்பு. வெளிநாட்டு டாலர் கட்டணத்துக்கு வங்கி சேர்க்கும் இரண்டு, மூன்று விழுக்காட்டையும் கணக்கில் சேருங்கள்.

ஐகேன் விதிப்படி ரிஜிஸ்ட்ரார் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த பின் ஐந்து நாட்களுக்குள்ளும் நினைவூட்ட வேண்டும். அந்த நினைவூட்டல் மின்னஞ்சலில் வரும். பதிவில் கொடுத்த மின்னஞ்சல் அந்த டொமைனிலேயே இருந்தால், டொமைன் முடங்கியதும் நினைவூட்டலும் முடங்கும். வேறு முகவரி கொடுங்கள். காலாவதிக்குப் பின் 45 நாள் வரை சாதாரண விலைக்குப் புதுப்பிக்க ரிஜிஸ்ட்ரார் விடலாம். இந்த அவகாசம் ரிஜிஸ்ட்ராருக்கு ரிஜிஸ்ட்ரார் மாறும், சிலர் ஒரு மாதத்துக்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். அழிக்கப்பட்ட பெயருக்கு 30 நாள் மீட்புக்காலம். அப்போது புதுப்பிப்புக் கட்டணத்தோடு தனியாக மீட்புக் கட்டணமும் ஆயிரக்கணக்கான ரூபாய் ஆகும். அதன் பின் 5 நாளில் பெயர் பொதுவுக்குப் போய்விடும். நாட்டுப் பின்னொட்டுகள் சிலவற்றில் இந்த மீட்புக்காலமே கிடையாது.

விலை குறைந்த ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றுவது நல்ல வழி. மாற்றும்போது பெரும்பாலும் ஓராண்டு சேரும். ஆனால் பதிவு செய்த 60 நாட்களுக்குள் மாற்ற முடியாது. காலாவதி ஆன பின் பழைய இடத்தில் புதுப்பித்துவிட்டு அந்த 45 நாளுக்குள் மாற்றினால், கட்டிய ஆண்டு சேராமல் போகும். பணம் திரும்பி வருவது அந்த ரிஜிஸ்ட்ராரின் கையில். காலாவதிக்கு ஒரு மாதமாவது இருக்கும்போதே, பெயர் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாறாமல் தடுக்கும் பூட்டைக் கணக்கில் திறந்து, மாற்றுக் குறியீட்டை வாங்கி, மாற்றத்தைத் தொடங்கிவிடுங்கள். இதெல்லாம் செய்ய வேண்டுமானால் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுப்பவர் தன் கணக்கிலேயே பதிவு செய்து வைத்திருப்பது நம் வட்டாரத்தில் சாதாரணம். புதுப்பிப்புக்கு அவர் சொல்வதுதான் விலை என்று ஆகிவிடும். ஐகேனின் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டு, எந்த ரிஜிஸ்ட்ரார், எந்தத் தேதி காலாவதி என்று இன்றே பாருங்கள்.

பிறர் பெயரைப் பதிவு செய்து அவரிடமே விற்கலாம் என்ற யோசனையையும் சிலர் கொடுக்கிறார்கள். நடக்கும் கடையின், மசாலா நிறுவனத்தின், விடுதியின் வணிகக்குறியை அப்படிப் பதிவு செய்தால், ஐகேன் பின்னொட்டுகளில் 1999 முதல் இருக்கும் யுடிஆர்பி என்ற தகராறு தீர்வு விதியிலும், டாட் இன்னில் அதேபோன்ற ஐஎன்டிஆர்பி விதியிலும் பெயர் இழப்பீடின்றிப் பறிபோகும். "உங்கள் டொமைனை வாங்க ஆள் தயார், முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி; வாங்குபவர் விற்பவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. டொமைன் விற்பனை, டொமைன் முதலீட்டுப் பயிற்சி ஆகியவற்றின் விளம்பரங்கள் உங்கள் பக்கங்களுக்கு வரும்போது, முதலாண்டு விலைக்குப் பக்கத்தில் அதே எழுத்தளவில் புதுப்பிப்பு விலையும் அச்சிட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், விலையைத் தவணை தவணையாக வெளிப்படுத்துவதையும் சந்தா வலையில் சிக்கவைப்பதையும் சேர்த்து 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கி ஏமாந்ததாக நினைப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பேசுவதற்கு முன் விளம்பரத்தின் படம், பணம் கட்டிய பக்கத்தின் படம், ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீது, புதுப்பிப்புக்கு வந்த முதல் மின்னஞ்சல் ஆகிய நான்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதே தராமல் யுபிஐ-யில் தனிநபர் கணக்குக்குப் பணம் வாங்கியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை எண்ணையும், அந்தப் பெயர்கள் யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கின்றன என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இணையப் பெயர்ப் பதிவுத் தொழிலில் இருக்கும் சிலர்,
காரைக்குடி.